ஒரு கிரவுண்டு மழை

சென்னையில் மனை வாங்குபவர்களும் விற்பவர்களும் 'கிரவுண்டு' என்று ஓர் அளவைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏக்கரும் சென்டும் தமிழ்நாடெங்கும் வழங்குபவை. கிரவுண்டு சென்னைக்காரர்களின் கணக்கு. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள ஒரு மனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ அப்படி ஒரு மனையை வாங்க இன்று பல கோடி ரூபாய் வேண்டும். அங்கே வீடு கட்டுகிறவர்கள் ஒரு சாண் நிலத்தைக்கூட ஏன் வெறுமனே விட மனமில்லாமல் இருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

விலையைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். நாம் வேறொரு கணக்குப் போடுவோம். அந்த ஒரு கிரவுண்டில் ஓர் ஆண்டில் எவ்வளவு மழை விழுகிறது?

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதாவது, பெய்த மழை ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் அப்படியே நின்றால் 1.4 மீட்டர் உயரத்துக்கு நிற்கும்.  2,400 சதுர அடி என்பது சுமார் 223 சதுர மீட்டர். இதை 1.4 ஆல் பெருக்குங்கள். 312 கன மீட்டர் வருகிறது. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஆகவே ஒரு கிரவுண்டில் விழும் மழை ஆண்டுக்கு 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர்.

இது அதிகமா, குறைவா? நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்று நம் நாட்டில் திட்டமிடுவோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாம் சேர்த்து. ஆண்டுக்கு 49,275 லிட்டர். ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு 2,95,650 லிட்டர். அருகில் மேலே சொன்ன மழைக் கணக்கை வைத்துப் பாருங்கள். ஒரு கிரவுண்டில் ஒரு வீடு, அதில் ஒரு குடும்பம் என்று இருந்த காலத்தில், அவர்கள் தலைக்கு மேல் விழுந்த மழையும் அவர்களுடைய ஆண்டுத் தேவையும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்கின்றன!

முற்றமும் கிணற்றடியும்

மயிலாப்பூரின் மாட வீதிகளையொட்டிய சந்துகளில் பழைய வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. முன்னால் திண்ணை. உள்ளே நுழைந்தால் ரேழி. அதைத் தாண்டினால் கூடம். கூடத்தின் நடுவில் வானம் பார்த்த முற்றம். பின்கட்டில் சமையலறை, அதை அடுத்துக் கிணற்றடி, அதற்கும் பின்னால் நாலு தென்னையும் வாழையும். மழை பெய்தால் ஓட்டுக் கூரையின் நான்கு சரிவுகளிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். அண்டாவும் குடமும் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் முற்றத்து மூலையில் உள்ள துவாரம் வழியாகக் கொல்லைக்கு ஓடி மண்ணில் இறங்கும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். அதுவும் மண்ணில்தான் இறங்கும்.

கிணற்றில் ராட்டினமும் வாளியும். கையால் இழுத்துத்தான் இறைக்க வேண்டும் என்பதால், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இறைப்பார்கள். மின்சார மோட்டார் வந்த பிறகு நம் கைக்கும் தண்ணீருக்கும் இருந்த இந்தத் தொடர்பு அறுந்துபோயிற்று.

பழையதெல்லாம் பொன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒண்டுக் குடித்தனங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே கிணறு, ஒரே கழிவறை. இரண்டும் அருகருகே இருந்தால் கிணற்று நீர் கெட்டுக் காலராவும் டைபாய்டும் வந்தன. செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடு 1872இல் நடைமுறைக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டி அனுப்பும் முறை 1914இல் வந்தது. இவை உயிர்களைக் காத்த ஏற்பாடுகள். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குழாய் வந்ததும் காலடியில் இருந்த தண்ணீரை நகரம் மெல்ல மறந்துவிட்டது.

மணல் என்னும் தொட்டி

3 லட்சம் லிட்டரை எதில் பிடித்து வைப்பது? மொட்டை மாடியில் வைக்கிறார்களே, ஆயிரம் லிட்டர் கொள்ளும் கறுப்புத் தொட்டி, அதில் 312 வேண்டும். மேலும் சென்னையில் மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைச் சித்திரை வெயில்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளுக்கு இயற்கையே ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறது. மயிலாப்பூரின் கிழக்குப் பகுதி, சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகிய இடங்களில் காலடியில் இருப்பது மணல். மணலுக்குள் தொட்டியா என்று கேட்காதீர்கள். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள்.

ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்து, அடியில் ஆணியால் நாலைந்து துளைகள் போடுங்கள். துளைகளின் மேல் ஒரு துண்டுத் துணியை விரியுங்கள். ஒன்றில் முக்கால் பங்கு உலர்ந்த ஆற்று மணலையும், மற்றதில் அதே அளவு பொடித்த களிமண்ணையும் நிரப்புங்கள். கீழே ஒவ்வொரு கிண்ணம் வைத்து, மேலே ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் டப்பாவில் தண்ணீர் உடனே இறங்கும். சற்று நேரத்தில் அடியில் சொட்டத் தொடங்கும். களிமண் டப்பாவில் தண்ணீர் மேலேயே குளம் கட்டி நிற்கும். மறுநாள் பார்த்தாலும் கிண்ணத்தில் சில சொட்டுகள் இருந்தால் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. களிமண்ணுக்குள் இருக்கும் இடைவெளிகளின் மொத்த அளவு மணலில் இருப்பதைவிடக் குறைவல்ல, பெரும்பாலும் கூடுதலே. ஆனால் அவை மிக நுண்ணியவை. அங்கே புகுந்த தண்ணீரைக் களிமண் துகள்கள் இறுகப் பற்றிக்கொள்ளும், கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கா. மணல் அப்படியல்ல. நூறு லிட்டர் கொள்ளளவுள்ள ஈர மணல் சுமார் 20 லிட்டர் தண்ணீரைக் கிணற்றுக்குக் கொடுக்கும். களிமண் இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தால் பெரிது.

இப்போது நம் கிரவுண்டுக்குத் திரும்புவோம். 223 சதுர மீட்டர் பரப்பில், ஒவ்வொரு மீட்டர் ஆழத்து மணலும் ஏறத்தாழ 45 ஆயிரம் லிட்டரைத் தாங்கும். ஆண்டு மழை முழுவதையும் வைத்துக்கொள்ள 7 மீட்டர் ஆழ மணல் போதும். உண்மையில் முழுவதும் இறங்காது. ஒரு பகுதி ஆவியாகும், இறங்கியதிலும் ஒரு பகுதி பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இருந்தாலும் வீட்டின் மிகப் பெரிய தண்ணீர்த் தொட்டி வீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மனையின் விலையை மேலே கட்டும் மாடிகளை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். கீழே உள்ள இந்தத் தொட்டியை யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை.

மணலில் கிணறு தோண்டினால் சுவர் சரியும். அதற்காகச் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி உறைக்கிணறு அமைக்கும் கலையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கீழடி அகழாய்வில் கிடைத்த உறைக்கிணறுகளின் படங்களைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். சென்னையில் இன்று சிமென்டு உறைகளை இறக்குகிறார்கள். பொருள்தான் மாறியிருக்கிறது.

ஏரியின் மேல் ஒரு நகர்

தியாகராய நகரின் கதை வேறு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது நகரே அல்ல. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்று அழைத்த நீண்ட ஏரி ஒன்று, நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம்வரை பரந்து கிடந்தது. சென்னை வளர்ந்தது, குடியிருக்க இடம் போதவில்லை. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1923 முதல் மாம்பலம் பகுதியில் ஏரியை வடித்துத் தெருக்களும் மனைகளும் போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை நகருக்குச் சூட்டினார்கள். நடுவில் ஒரு பூங்கா. அதற்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர். அங்கிருந்து நாலாபக்கமும் அகலமான தெருக்கள். திட்டமிட்டுக் கட்டிய நல்ல நகர் என்பதில் ஐயமில்லை.

ஏரி போய்விட்டாலும் பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. தெருவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி தெரியாது! நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரிப் பகுதியும் 1970களில் தூர்க்கப்பட்டது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அங்கேதான் எழுந்தது.

ஏரியின் அடியில் என்ன இருக்கும்? ஆண்டாண்டுக் காலமாகப் படிந்த வண்டலும் களிமண்ணும். உங்கள் இரண்டாவது டப்பாவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது சுற்றிலும் உள்ளதைவிடத் தாழ்ந்த இடமும் கூட. சுற்றுப்புறத்து மழையெல்லாம் வந்து சேர்வதற்காகவே மனிதர்கள் கரை கட்டித் தேர்ந்தெடுத்த இடம் அது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. வடிகால் போதாமை, கால்வாய் அடைப்பு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவையும் உண்மையே. ஆனால் தண்ணீர் ஏன் குறிப்பாக அங்கே தேடி வந்தது என்பதற்குப் பழைய வரைபடத்தைப் பார்த்தால் போதும்.

ஆறு பேர், இருபத்து நான்கு பேர்

இன்று ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் வாழ்வது அரிது. மனை விலை அப்படி. இடத்தின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தளப் பரப்புக் குறியீடு என்பார்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அது பொதுவாக 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லா மாடிகளிலுமாகச் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். 800 சதுர அடி வீடுகளாக வைத்துக்கொண்டால் ஆறு வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 24 பேர்.

24 பேருக்கு ஆண்டுக்கு வேண்டியது 11 லட்சத்து 82 ஆயிரம் லிட்டர். வானம் கொடுப்பதோ அதே 3 லட்சத்து 12 ஆயிரம். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மாடிகளைக் கூட்டலாம், மழையைக் கூட்ட முடியாது!

அந்த நாலில் ஒரு பங்காவது மண்ணில் இறங்குகிறதா? கட்டடம் போக மிஞ்சிய இடத்தில் கார் நிறுத்த வேண்டும். சேறு படாமலிருக்கச் சிமென்டு போடுகிறார்கள். மாடியில் விழும் மழை குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடுகிறது, தெருவிலிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து அடையாற்றுக்கோ கூவத்துக்கோ, அங்கிருந்து கடலுக்கு. சில மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் அதே வீட்டு வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. 12 ஆயிரம் லிட்டர் லாரி ஒன்று 24 பேருக்கு எத்தனை நாள் வரும்? கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு நாள்கூட வராது.

லாரி வராத நாளில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்பார்கள். கடலோரத்தில் அங்கேதான் ஆபத்து.

கடல் காத்திருக்கிறது

பெசன்ட் நகரிலிருந்து கடல் கூப்பிடு தூரம். மணலுக்குள் கடல் நீரும் புகுந்திருக்கும் அல்லவா? பிறகு எப்படி அங்கே கிணற்று நீர் இனித்தது?

கடல் நீர் சற்றுக் கனமானது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோகிராம் என்றால், கடல் நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.025 கிலோகிராம். ஆகவே மணலுக்குள் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடலில் பனிப்பாறை மிதப்பதைப் படித்திருப்பீர்கள். வெளியே கொஞ்சம் தெரியும், அடியில் பெரும்பகுதி இருக்கும். இதுவும் அப்படியே. எடை வேறுபாடு 0.025 தான், ஒன்றை இதனால் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர்வரை நல்ல தண்ணீர் கடல் நீரைத் தள்ளி வைத்திருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த பாடன் கீபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே இதைக் கண்டு எழுதினார்கள். இருவர் பெயராலும் இது இன்று வழங்குகிறது.

இதன் மறுபக்கத்தை யோசியுங்கள். மோட்டார் போட்டு இறைத்து, மேலே உள்ள நீர்மட்டத்தை அரை மீட்டர் குறைத்தால் என்ன ஆகும்? கீழே உப்பு நீர் 20 மீட்டர் ஏற இடம் கிடைக்கும். ஒரே நாளில் ஏறாது. மணலுக்குள் நீர் மெதுவாகத்தான் நகரும். அடியில் பாறையோ களிமண்ணோ குறுக்கிட்டால் கணக்கும் மாறும். ஆனால் மெதுவாக வந்த உப்பு போவதும் மெதுவாகத்தான். ஒரு கோடையில் கெடுத்ததை ஒரு மழையில் கழுவிவிட முடியாது. ஒரு வீட்டார் ஆழமாகப் போட்டு உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் கிணறும் உப்பாகும். மதில் சுவர் மண்ணுக்கு மேலே மட்டும்தானே!

பெசன்ட் நகரில் வாழும் இயற்பியலாளர் சேகர் ராகவன் 1990களில் இதைத் தம் பகுதி மக்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மாடி மழையைத் தெருவுக்கு விடாதீர்கள், உங்கள் மணலுக்கே கொடுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. கேட்டவர்கள் சிலரே. பின்னர் 2001இல் புதிய கட்டடங்களுக்கும், 2003இல் ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது.

செய்யும் முறை எளிது. மாடிக் குழாய்களை இணைத்து, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய ஒரு தொட்டி வழியாக வடிகட்டி, பழைய கிணற்றுக்குள் விட வேண்டும். மாடியின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடலாம். கிணறு இல்லையென்றால் உறை இறக்கிய ஒரு குழி போதும். தியாகராய நகர் போன்ற களிமண் பகுதியில் வெறும் குழி தோண்டினால் அது கொசுக் குட்டையாகும். களிமண் அடுக்கைத் துளைத்து, கீழே நீர் ஊறும் அடுக்குவரை குழாய் இறக்க வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே படம் செல்லாது.

2003இல் கட்டியவற்றில் பல நன்றாக வேலை செய்தன. சட்டத்துக்குப் பயந்து பேருக்கு ஒரு குழியும் அரைக் குழாயும் வைத்தவர்களும் உண்டு. நன்றாகக் கட்டியவற்றிலும் மணல் தொட்டியை ஆண்டுக்கொரு முறை கழுவாவிட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும். பிறகு மழை பழையபடி தெருவுக்குத்தான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரைச் சுமந்து வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 135 லிட்டரால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 18,500 பேருக்கு ஒரு நாளைக்கு! அதே 25 லட்சம் லிட்டர், எட்டு கிரவுண்டு நிலத்தில் விழும் ஓர் ஆண்டு மழை. ஒரு சிறிய தெருவின் ஒரு சாரி மனைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பட்டன. வீராணம் ஏரியிலிருந்தும் கிருஷ்ணா ஆற்றிலிருந்தும் தண்ணீர் வருகிறது. 24 பேர் வாழும் கிரவுண்டுக்கு இவை இல்லாமல் தீராது. நம் கணக்கே அதைச் சொல்கிறது. ஆனால் ஆலைக்கு மின்சாரம் வேண்டும், குழாய்க்கு நூறு மைல் வேண்டும். மாடியிலிருந்து கிணற்றுக்கு இருபது அடிக் குழாய்தான்.

நீங்கள் செய்து பார்க்க

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ திறந்த கிணறு இருந்தால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி மெல்ல இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொடும் ஓசை கேட்டதும் கயிற்றைக் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் பிடித்து முடிச்சிடுங்கள். வெளியே இழுத்து அளந்தால் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுமுன் அளந்து வரைபடத் தாளில் குறியுங்கள். கீழே அந்த மாத மழையளவையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகள் வரும். அதே நாளில் ஒரு பாட்டில் கிணற்று நீரில் சிறிது சலவைச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கி, நுரை எத்தனை விரல்கடை எழுகிறது என்பதையும் எழுதிவையுங்கள். உப்புகள் மிகுந்த கடின நீரில் நுரை சரியாக எழாது.

ஐப்பசி முதல் தேதியில் ஆழம் எவ்வளவு? தை முதல் தேதியில் எவ்வளவு? உங்கள் தெருவில் மாடி மழை கிணற்றுக்குள் இறங்கும் வீடு ஒன்றும் தெருவுக்கு ஓடும் வீடு ஒன்றும் இருந்தால், இரண்டு கிணறுகளையும் அளந்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள்.